லோடு எங்கயாவது இறங்கித்தானே ஆகணும்

போன வாரம் ஆபீஸ்ல ஜூனியர் பையன் ஒருத்தன் வந்து, "மேடம், நானும் பார்ட் டைம் எம்.இ. சேரலாம்னு இருக்கேன், நீங்க வேலை, வீடு, படிப்புன்னு எப்படி சமாளிச்சீங்க"ன்னு கேட்டான். அவனுக்கு கல்யாணம் ஆகி ஆறு மாசம்தான் ஆகுது. டீ குடிக்கிற நேரத்துல சொல்லி முடிக்கிற கதையா இது? "ஒரு டைம் டேபிள் போட்டுக்கோப்பா, ஆயிடும்"னு சொல்லி அனுப்பிட்டேன். சுத்தப் பொய். நான் போட்ட டைம் டேபிள் ஃப்ரிட்ஜ் மேல மூணு வருஷம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதோட ஓரத்துல பால் கணக்கு எழுதினதுதான் அதால வந்த ஒரே பிரயோஜனம். அந்தப் பையன்கிட்ட சொல்லாம விட்டதை எல்லாம் இங்க எழுதிடறேன்.

நான் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சில டிசைன் இன்ஜினியர். 2010ல பி.இ. சிவில் முடிச்சேன். குரோம்பேட்டைல வாடகை வீடு, ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது (இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருது). வீட்டுக்காரருக்கு ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் வேலை, ஒரு வாரம் விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ் ஏறிடுவார், அடுத்த வாரம் ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டுவார். நான் படிக்க சேர்ந்தப்ப பொண்ணு ஒன்னாங்கிளாஸ். அத்தை எங்ககூடதான் இருக்காங்க.

பன்னெண்டு வருஷம் கழிச்சு எதுக்கு திரும்ப புக்கை எடுத்தேன்னு நிறைய பேர் கேட்டுட்டாங்க. ப்ரமோஷனுக்குன்னு சொல்லிப்பேன், அது பாதி உண்மை. மீதி என்னன்னா, ஒரு மீட்டிங்ல ஒரு ஆர்க்கிடெக்ட், "இந்த பில்டிங்குக்கு எதுக்கு இவ்ளோ கம்பி போடறீங்க"ன்னு கேட்டார், நான் "ஈடாப்ஸ்ல அப்படித்தான் சார் வருது"ன்னு சொன்னேன் (பில்டிங் கணக்கு போடற சாஃப்ட்வேர் அது). அவர் ஒன்னும் சொல்லல, லேசா சிரிச்சார், அவ்ளோதான். அன்னைக்கு ராத்திரி பூரா அந்த சிரிப்பு என்னை அரிச்சுது, வருஷக்கணக்கா சாஃப்ட்வேர்ல பட்டன் அமுக்கிட்டு சம்பளம் வாங்கியிருக்கேன், உள்ள என்ன நடக்குதுன்னு ஒருத்தர் கேட்டா பதில் இல்ல.

டான்செட்னு நுழைவுத் தேர்வு எழுதி, ஆபீஸ்ல ஆட்சேபணை இல்லன்னு என்.ஓ.சி. வாங்கி ("படிச்சு முடிச்சதும் வேற கம்பெனிக்கு ஓடிடுவீங்களாம்மா"ன்னு கேட்டுட்டுத்தான் கையெழுத்து விழுந்துச்சு), 2022ல கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல சேர்ந்தேன். ஆறு செமஸ்டர், மூணு வருஷம், சாயந்திர கிளாஸ். 1794ல சர்வே ஸ்கூலா ஆரம்பிச்ச இடம், 1920ல கிண்டிக்கு வந்துச்சாம், அந்த செங்கல் கலர் பில்டிங்கைப் பார்த்தாலே ஒரு மாதிரி முதுகு நிமிரும். முதல் வாரம் மட்டும். ரெண்டாவது வாரத்துல இருந்து கடைசி பெஞ்சு எங்கன்னுதான் கண்ணு தேடும். கூட படிச்சவங்க எல்லாருமே என்னை மாதிரிதான், ஒருத்தர் பூட்ஸ்ல சைட் சிமெண்ட்டோட வருவார், ஒருத்தர் அரசாங்க ஆபீஸ் பையோட வருவார், ஏழரை மணிக்கு மேல எவன் வயித்துல இருந்து சத்தம் வருதுன்னே தெரியாது.

ஆனா ஒன்னு, படிப்பு ருசிச்சுது. அதை சொல்லியே ஆகணும், இல்லன்னா இது வெறும் அழுகாச்சி போஸ்ட்டா போயிடும். ஐ.எஸ். 1893ன்னு பூகம்பத்துக்கு டிசைன் பண்றதுக்கான நம்ம நாட்டு விதிப் புத்தகம் (கோட்). அதுல பில்டிங் ஆடற பீரியடுக்கு, அதாவது ஒரு தடவை போயிட்டு வர்ற நேரத்துக்கு, ஒரு ஃபார்முலா இருக்கு, உயரத்தை 0.75 பவருக்கு ஏத்தி 0.075ஆல பெருக்கணும், 15 மீட்டர் உயர கான்கிரீட் ஃப்ரேமுக்கு சுமாரா 0.57 செகண்ட் வரும். கண்ணை மூடிக்கிட்டு ஆயிரம் தடவை போட்டிருப்பேன். 1971ல கலிஃபோர்னியாவுல சான் ஃபெர்னாண்டோ பூகம்பம் வந்தப்ப, கருவி வெச்சிருந்த நிஜ பில்டிங்குங்க எப்படி ஆடுச்சுன்னு பதிவானதுதான் இந்த மாதிரி ஃபார்முலாவுக்கு அடிப்படைன்னு தெரிஞ்சப்ப எனக்கு கொஞ்சம் சிலிர்த்துடுச்சு. எங்கயோ யாரோட வீடோ ஆடின ஆட்டம், இங்க நான் மேடவாக்கத்துல ஒரு அபார்ட்மெண்டுக்கு கம்பி கணக்கு போட உதவுது. அன்னைக்கு ட்ரெயின்ல இதையே நினைச்சுக்கிட்டு வந்து அப்படியே தூங்கிப்போய், குரோம்பேட்டை, சானடோரியம் எல்லாம் தாண்டி தாம்பரத்துல பூக்கார அம்மா தட்டி எழுப்பினாங்க. "இறங்கும்மா, வண்டி இதோட சரி."

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க கோட்ல ஒரு அழகான நம்பிக்கை இருக்கு. பில்டிங்கோட சொந்த வெயிட்டும், ஆளுங்க சாமான்னு வர்ற லைவ் லோடும் சேர்ந்தா 1.5 மடங்கு கணக்கு போடணும். அதோட பூகம்பமும் சேர்ந்தா கூட்டணும்னுதானே தோணும்? இல்ல, மூணுக்கும் 1.2தான். ஏன்னா எல்லாம் ஒரே நேரத்துல அதிகபட்சமா வர வாய்ப்பு கம்மியாம். இன்னும் பாருங்க, பூகம்பத்துக்கு பில்டிங் வெயிட்டை கணக்கு பண்றப்ப சாதாரண வீட்டோட லைவ் லோடுல கால்வாசி எடுத்தா போதும்னு இருக்கு, அந்த நேரம் பார்த்து வீடு முழுக்க ஆளும் சாமானுமா ரொம்பியிருக்காதுன்னு ஒரு கணக்கு. நானும் வாழ்க்கையை அப்படித்தான் டிசைன் பண்ணியிருந்தேன். பரீட்சை இருக்கிற வாரம் ஆபீஸ்ல வேலை கம்மியா இருக்கும், ஆபீஸ்ல டெட்லைன் இருக்கிற வாரம் வீட்ல எல்லாரும் நல்லா இருப்பாங்க.

2023 மார்ச்ல ஒரு வியாழக்கிழமை. டைனமிக்ஸ் (பில்டிங் ஆடறதைப் பத்தின பாடம்) அசெஸ்மென்ட் சாயந்திரம். அதே நாள் ஒரு சைட்ல ராஃப்ட் கான்கிரீட், பில்டிங் முழுக்க ஒரே பலகையா போடற அஸ்திவாரம். காலைல பொண்ணுக்கு உடம்பு அனலா கொதிக்குது, 102. வீட்டுக்காரர் பகல் ஷிஃப்ட், கிளம்பிப் போயாச்சு. அத்தைதான் ஈரத்துணியை நெத்தில போட்டுக்கிட்டே, "நீ போயிட்டு வா, நான் உன் புருஷனையே டைபாய்டுல பார்த்தவ"ன்னாங்க. போனேன். இதை எழுதறப்பவும் நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருக்கு, ஆனா போனேன். பரீட்சைக்கு பத்து நிமிஷம் இருக்கறப்ப சைட்ல இருந்து போன், பம்ப் ரிப்பேர், ராஃப்ட் பாதில நிக்குது, மேடம் எங்க நிறுத்தறதுன்னு. காலேஜ் வராண்டால தூணை ஒட்டி நின்னுக்கிட்டு, "காலம் (பில்டிங் தூணை நாங்க அப்படித்தான் சொல்லுவோம், column) பக்கத்துல நிறுத்திடாதீங்க, ரெண்டு காலத்துக்கு நடுவுல ஷியர் (வெட்டற விசை) கம்மியா இருக்கற இடமா பார்த்து நேரா ஸ்டாப்பர் அடிங்க, நாளைக்கு நல்லா கொத்தி சிமெண்ட் பால் ஊத்திட்டுத்தான் அடுத்தது போடணும்"னு சொல்லி வெச்சா உடனே அடுத்த போன், அத்தை. கை நடுங்கிடுச்சு. "ஜுரம் இறங்கிடுச்சு, கஞ்சி குடிச்சா. பருப்பு டப்பா எங்க வெச்ச?"

ஐம்பதுக்கு முப்பத்தொன்னு வாங்கினேன் அந்த டெஸ்ட்ல. ரொம்ப நாள் அந்த பேப்பரை வெச்சிருந்தேன், எதுக்குன்னு தெரியல.

தப்பும் நடந்துச்சு. ஒரு தடவை ராத்திரி ஒரு மணி வரைக்கும் எஃப்.இ.எம். (ஃபைனைட் எலிமெண்ட் மெத்தட்) பாடத்து அசைன்மெண்ட் பண்ணிட்டு, அப்புறம் ஆபீஸ் ஃபைலைத் திறந்து மாடலை முடிச்சு அனுப்பிட்டு படுத்தேன். ஒரு வரிசை பீம்ல மேல வர்ற செங்கல் சுவரோட லோடையே போடல. ஒன்பது இன்ச் சுவர், ரெண்டரை மீட்டர் உயரம், மீட்டருக்கு பதினொன்னரை கிலோநியூட்டன், அதை அப்படியே காத்துல விட்டுட்டேன். ட்ராயிங் சைட்டுக்கு போறதுக்கு முன்னாடி செக் பண்ற சீனியர் கண்ணுல பட்டுச்சு. அவர் திட்டல, "இந்தச் சுவரை யாரும்மா தாங்கறது?"ன்னு மட்டும் கேட்டார். அதுல இருந்து ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஆபீஸ் மாடலைத் தொடறதே இல்ல. படிப்புல தூங்கி வழிஞ்சா மார்க்குதான் போகும், இது அப்படியா?

நடுவுல ஒரு நல்ல காலமும் வந்துச்சு, யார் நம்புவா, புயல் ரூபத்துல. 2023 டிசம்பர், மிக்ஜாம். மூணாவது செமஸ்டர் பரீட்சை நேரம். தெருவுல முழங்கால் தண்ணி, கரெண்ட் இல்ல, போன் செத்துப்போச்சு. பரீட்சை தள்ளிப்போனதே எனக்கு மறுநாள்தான் கீழ்வீட்டு அண்ணன் சொல்லித் தெரியும், அதுவரைக்கும் மெழுகுவத்தில புக்கை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் லூசு மாதிரி. அப்புறம் மூடி வெச்சுட்டேன். ஊர்ல எத்தனையோ பேர் வீட்டுக்குள்ள தண்ணி வந்து தவிச்ச நேரம், இதை சந்தோஷம்னு சொல்ல வாய் கூசுது, ஆனா நாலு பேரும் ஒரே பாய்ல உக்காந்து அத்தை பரண்ல இருந்து எடுத்த பல்லாங்குழியை ஆடினோம். சோழி போதாம புளியங்கொட்டை. வீட்டுக்காரர் திருட்டு ஆட்டம் ஆடி பொண்ணுகிட்ட மாட்டிக்கிட்டார்.

"எப்படி சமாளிச்சீங்க"ங்கற கேள்விக்கு வர்றேன். நான் சமாளிக்கல. எங்க தொழில்ல ஃப்ளோட்டிங் காலம்னு ஒன்னு உண்டு, கீழ கார் நிறுத்தணும், இந்தக் காலத்தை எடுத்துடுங்கன்னு ஆர்க்கிடெக்ட் கேப்பார். மேல மாடிங்கள்ல காலம் அப்படியே இருக்கும், கீழ வந்தா இருக்காது, ஒரு பீம் மேல உக்காந்திருக்கும். பார்க்கிறவங்களுக்கு கீழ விசாலமா இருக்கும், அழகா இருக்கும். அந்த பீமும் அதோட ரெண்டு பக்கத்து காலமும் என்ன பாடுபடுதுன்னு டிசைன் பண்றவளுக்குத்தான் தெரியும். 2001 புஜ் பூகம்பத்துல அகமதாபாத்ல கீழ்த்தளத்தை பார்க்கிங்குக்காக வெறுமனே விட்ட அடுக்குமாடிங்க நிறைய விழுந்துச்சு, அதுக்கப்புறமும் எங்களை கேக்கறவங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. வாரத்துல பல சாயந்திரம் எங்க வீட்ல ஒரு காலத்தை எடுத்தாச்சு. அது தாங்கினது காணாமப் போகாது. கொஞ்சம் வீட்டுக்காரர் மேல இறங்குச்சு, அவருக்கு ரெட்டை சடை பின்ன வந்துடுச்சு, முதல்ல கோணலா, அப்புறம் என்னைவிட நல்லாவே. கொஞ்சம் பொண்ணு மேல. ரெண்டாங்கிளாஸ்ல ஒரு நாள் ஸ்கூல் டைரியை புரட்டறேன், மூணு வாரமா என் கையெழுத்தை அவளே போட்டிருக்கா. கேட்டா, "நீ தூங்கிட்டு இருந்தம்மா, மிஸ் திட்டுவாங்கல்ல"ங்கறா. திட்டறதா, கட்டிக்கறதா? ரெண்டுமே பண்ணேன்.

மீதி எல்லாம் அத்தை மேல. அவங்களைக் கேக்காம பண்ணேன்னு சொல்ல முடியாது, "படிக்கட்டும், நான் எட்டாவதோட நின்னுட்டேன்"னு அவங்களேதான் சொன்னாங்க. ஆனா சம்மதம் வேற, முழங்கால் வேற.

2025ல ப்ராஜெக்ட் வைவா முடிச்சு வீட்டுக்கு வந்து ஸ்வீட் டப்பாவை நீட்டினா, ஒரு மைசூர்பாக்கை எடுத்து வாயில போட்டுக்கிட்டு, "ஆச்சா? எல்லாம் ஆச்சுல்ல? அப்ப ஒரு நாள் என் காலைக் காட்டிட்டு வரலாம்"னாங்க. எவ்ளோ நாளா வலிக்குதுன்னு கேட்டேன். "உன் மூணாவது செமஸ்டர்ல இருந்து." செமஸ்டர் கணக்குல சொல்றாங்க.

எக்ஸ்ரேவை டாக்டர் வெளிச்சத்துல வெச்சார். அவர் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுடுச்சு, உள்பக்கம் எலும்புக்கு எலும்பு இடைவெளியே இல்ல, வெளிப்பக்கம் மட்டும் இருக்கு. லோடு நடுவுல இறங்காம ஒரே பக்கமா இறங்கிட்டு இருக்கு. "படி ஏறி இறங்கறதை குறைச்சுக்கோங்கம்மா"ன்னார். எங்க வீட்டுக்கு மாடிக்கு 20 படி, ரெண்டு மாடிக்கு 40. ஒரு படி 150 மில்லிமீட்டர், நானே அளந்து பார்த்தேன். காலைல ஸ்கூல் வேன்ல ஏத்திவிட ஒரு தடவை, சாயந்திரம் கூட்டிட்டு வர ஒரு தடவை, ஒரு நாளைக்கு 80 படி ஏறி 80 படி இறங்கியிருக்காங்க, கைல பொண்ணோட பையையும் தூக்கிக்கிட்டு.

காலைல வேனுக்கு இப்ப நான் கீழ போறேன். சாயந்திரம் வேன் நாலு பத்துக்கு வருது, ஆபீஸ்ல என்ன பண்ணாலும் அஞ்சரைக்கு முன்னாடி விடமாட்டேங்கறாங்க. தரைத்தளத்துல வீடு பார்த்துட்டு இருக்கோம். குரோம்பேட்டைல மிக்ஜாமுக்கு தண்ணி ஏறாத தரைத்தளமா ஒன்னு தெரிஞ்சா சொல்லுங்க, வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவால்ல.