சுகர் 200-ல வளர்ற செல்லு

காரைக்குடி பக்கம் ஒரு லேப்ல இன்சுலின் சுரக்குற செல் வளர்க்குறேன்னு சொன்னா சொந்தக்காரங்க உடனே கேக்குறது, அப்ப ஊசி மருந்து நீங்களே தயார் பண்றீங்களான்னுதான். அய்யோ இல்லங்க, அது பாக்டீரியாவையும் ஈஸ்ட்டையும் வச்சு கம்பெனில பண்றது. எங்ககிட்ட இருக்குறது ஐஎன்எஸ்-1னு ஒரு செல் வகை, எலியோட கணையக் கட்டில இருந்து ஜெனீவால உருவாக்குனது, 1992ல பேப்பர் வந்துச்சு. சர்க்கரைய பாத்தா எவ்வளவு இன்சுலின் விடுது, எந்த மருந்து போட்டா கூடுது குறையுதுன்னு பாக்கத்தான் இது.

செல்லு வளர்ற சத்துத் தண்ணி, அதாவது மீடியம், ஆர்பிஎம்ஐ 1640னு ஒண்ணு, அதுல குளுக்கோஸ் 11.1 மில்லிமோலார், ரத்த ரிப்போர்ட் கணக்குல சுகர் 200. அப்பத்தாவுக்கு அந்த நம்பர் வந்தா வீட்டுல கும்மாயம் கிண்டுறதே நின்னுரும், இதுக்கு அதான் தினச் சாப்பாடு! எம்ஐஎன்6னு ஒரு சுண்டெலி செல் இருக்கு, அதுக்கு 25 மில்லிமோலார், அதாவது 450. ஐஎன்எஸ்-1க்கு இன்னொன்னும் வேணும், மெர்காப்டோஎத்தனால்னு ஒரு கெமிக்கல், 50 மைக்ரோமோலார்தான், ஆனா அது இல்லன்னா வளராது, பாட்டில தெறந்தா நாத்தம் குடலப் புடுங்கும்.

ரொம்ப மெதுவா வளரும், ரெண்டு மடங்காக சுமாரா 100 மணி நேரம், அதனால புதுசா வர்ற பசங்க அவசரப்பட்டு கொஞ்சமா செல்ல எடுத்து பெரிய ஃபிளாஸ்க்ல, அதாவது செல் வளர்க்குற பாட்டில்ல, பரப்பிருவாங்க, இது பக்கத்துல ஆள் இல்லன்னா சுணங்கிரும், நெருக்கமாத்தான் போடணும்.

ஆனா என்னைக் கேட்டா வேகமா வளர்றதப் பாத்துதான் பயப்படணும். நெறஞ்ச செல்ல எடுத்து புது ஃபிளாஸ்க்குக்கு மாத்துறது ஒவ்வொண்ணும் ஒரு பாசேஜ், அந்த எண்ணிக்கை ஏற ஏற, சர்க்கரைக்கு சரியா பதில் சொல்லாத செல்லுங்க சில சமயம் மத்ததை முந்திக்கிட்டு ஃபிளாஸ்க்க நெறச்சிரும், மைக்ராஸ்கோப்ல பாத்தா ஒண்ணும் தெரியாது, எம்ஐஎன்6ல இந்தத் தொல்லை ரொம்பவே உண்டு. சோதிக்காம தெரியாது. முதல்ல நல்லா கழுவணும், ஏன்னா மீடியத்துல சேர்க்குற மாட்டு ரத்த சீரத்துலயே மாட்டு இன்சுலின் இருக்கு, அது இன்சுலின் அளக்குற எலைசா டெஸ்ட்ல கணக்க கெடுத்துரும். அப்புறம் 2.8 மில்லிமோலார் குளுக்கோஸ்ல கொஞ்ச நேரம் பட்டினி போட்டு, 16.7க்கு மாத்தி, ரெண்டுலயும் வெளிய வந்த இன்சுலின அளக்கணும். ரெண்டு நம்பரும் ஒண்ணா இருந்தா அந்த ஃபிளாஸ்க் எவ்வளவு அழகா இருந்தாலும் குப்பைக்குத்தான்.

கரண்ட் கட்டு, சித்திரை வெயிலு, சிஓ2 சிலிண்டர் தீந்து போறது எல்லாம் இருக்கு, அதையெல்லாம் யுபிஎஸ்ஸும் ஸ்பேர் சிலிண்டரும் வச்சு சமாளிச்சிரலாம். நல்லா பதில் சொல்ற இளம் பாசேஜ முதல்லயே திரவ நைட்ரஜன் டேங்க்ல உறைய வச்சு நெறய போட்டு வச்சுக்கங்க. பாசேஜ் நம்பர் எழுதாத செல் குப்பிய யாராச்சும் சும்மா குடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.