குடல்வால் என்று நினைத்துப் போனேன்

வலது பக்க அடிவயிற்றில் வலி என்றாலே எல்லோருக்கும் முதலில் தோன்றுவது குடல்வால்தான், எனக்கும் அப்படித்தான். முதல் நாள் வாயு என்று விட்டுவிட்டேன். மறுநாள் சிறுநீர் போகும்போது எரிச்சல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முட்டிக்கொண்டு வரும், போனால் சொட்டுதான், சரி நீர்க்கடுப்பு என்று தண்ணீராகக் குடித்துத் தள்ளினேன். மூன்றாம் நாள் விடியற்காலை வலி ஆளையே சுருட்டிப் போட்டது. படுத்தாலும் தாங்கவில்லை, உட்கார்ந்தாலும் தாங்கவில்லை, அறைக்குள் நடந்துகொண்டே வாந்தி எடுத்தேன். குடல்வால் வெடிக்கப் போகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

எங்கே வலிக்கிறது என்று டாக்டர் ஒரே தடவைதான் கேட்டார். மற்றதெல்லாம் வேறு கேள்விகள்: எங்கே ஆரம்பித்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது, விட்டு விட்டு வருகிறதா, அசைந்தால் கூடுகிறதா, கடைசி மாதவிலக்கு எப்போது. யோசித்தால், முதல் நாளே முதுகில் விலாவுக்குக் கீழே ஒரு பிடிப்பு இருந்தது, கோணலாகப் படுத்ததால் வந்தது என்று அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது அப்படியே முன்னால் இறங்கி இப்போது தொடை இடுக்கு வரை இழுத்தது.

குடல்வால் வீங்கினால் பெரும்பாலும் தொப்புளைச் சுற்றி மந்தமாக ஆரம்பித்து, சில மணி நேரத்தில் வலது கீழ்ப்பக்கம் வந்து அங்கேயே நிற்குமாம். குடலின் வலியை உடம்பால் இடம் குறித்துச் சொல்ல முடியாது, வீக்கம் வயிற்றின் உள்சவ்வைத் தொட்ட பிறகுதான் விரல் வைத்துக் காட்ட முடியும். அப்புறம் இருமினால்கூட வலிக்கும் என்பதால் ஆள் அசையாமல் படுத்திருப்பார். "நீங்கள் நாற்காலியிலேயே உட்கார மாட்டேன் என்கிறீர்களே" என்றார்.

முதலில் கர்ப்பப் பரிசோதனை என்றதும் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் குழாய் வெடித்து உள்ளேயே ரத்தம் போகும், அதனால் குழந்தை பெறும் வயதில் யார் இந்த வலியோடு வந்தாலும் அதை விலக்கிவிட்டுத்தான் மற்றது என்று சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டேன். நீர்க்கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டாலும் இப்படித் திடீர் வலியும் வாந்தியும் வருமாம், அதற்கும் காத்திருக்க நேரம் கிடையாது.

ஸ்கேன் கதைதான் கொடுமை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறவளிடம் சிறுநீர்ப்பை நிறையும்வரை அடக்கு என்றால்? பை நிறைந்திருந்தால் குடல் விலகி உள்ளே இருப்பது தெரியும் என்றார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சினைப்பைகள் சரி. குடல்வால் கண்ணுக்கே படவில்லை, ஸ்கேனில் அது தெரியாமல் போவது சகஜமாம். கடைசியில் சிறுநீர்க்குழாய் பைக்குள் நுழைகிற இடத்தில் 4 மி.மீ. கல் ஒன்று உட்கார்ந்திருந்தது, மேலே சிறுநீரகம் லேசாக வீங்கியிருந்தது. அந்த இடத்தில் கல் நின்றால் பை எரிச்சலாகி நீர்க்கடுப்பு மாதிரியே காட்டுமாம், நான் ஏமாந்தது அங்கேதான். யூரின் டெஸ்டில் சிவப்பணுக்கள் இருந்தன, என் கண்ணுக்கு ஒரு சிவப்பும் தெரிந்திருக்கவில்லை.

வலிக்கு ஊசி, குழாய் தளர மாத்திரை, அவ்வளவுதான். இந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும், ஆனால் குளிர் காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ நள்ளிரவானாலும் வந்துவிடு என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்கள். ஆறாம் நாள் சிறுநீரை வடிகட்டியபோது கல் வடிகட்டியில் விழுந்தது. சோதனைக்குக் கொடுத்ததில் கால்சியம் ஆக்சலேட், சிறுநீரகக் கல்லில் சாதாரணமாக வருகிற வகைதான். கையில் வைத்துப் பார்த்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, இதற்கா அந்த ஆட்டம் ஆடினேன் என்று.