பலவீனமான சின்சில்லா குட்டி: முதலில் சூடு, பிறகு பால்

சின்சில்லா என்பது அடர்ந்த மென்ரோமம் உள்ள, வீட்டில் வளர்க்கும் சிறிய கொறிவிலங்கு. அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். எடை 30 முதல் 60 கிராம். பார்க்கத் தேறியது போலத்தான் இருக்கும், ஏமாறாதீர்கள். தொட்டால் சில்லென்று இருக்கிற குட்டிக்கு உடனே பால் கொடுக்கக் கூடாது, செரிக்காது. பெட்டியின் பாதிக்கு மட்டும் அடியில் வெப்பத் திண்டு வையுங்கள். சூடு கூடினால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமே.

உடம்பு சூடேறியதும், பூனைக்குட்டிக்கான பால்மாவைக் கரைத்து, வெதுவெதுப்பாக, ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சில் உதட்டோரம் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 2–3 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்தான். நிமிர்த்தியே பிடிக்க வேண்டும்; மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். மூக்கில் பால் தெரிந்தால் அத்தோடு நிறுத்துங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் கிராம் தராசில் நிறுத்துப் பாருங்கள். முதல் நாள் சற்றுக் குறையலாம். அதன் பிறகும் இறங்கினால் தாய்ப்பால் எட்டவில்லை. பல சமயம் வலுத்த குட்டி மற்றதைக் கடித்து விரட்டிவிடும். இரண்டையும் மாற்றி மாற்றித் தாயிடம் விடுங்கள்.

தாயின் காம்பில் கடிகாயமோ வீக்கமோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அல்ஃபால்ஃபா (குதிரைமசால்) உலர்புல்லும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். மணல் குளியல் (ரோமத்தைச் சுத்தம் செய்ய நுண்மணலில் புரளவிடுவது) ஒரு வாரம் வேண்டாம். ஆண் சின்சில்லாவை உடனே பிரித்துவிடுங்கள்: ஈன்ற கையோடு தாய் மறுபடி சினையாகிவிடுவாள்.