‘சே வென்’ என்றால் என்ன சொல்ல வேண்டும்? விருந்து மேசையில் ஆங்கிலம் படித்த அனுபவம்

அமெரிக்காவுக்குப் படிக்க வந்த முதல் வருடம், தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி செலுத்தும் நாள் விருந்துக்கு என் பேராசிரியர் வீட்டில் கூப்பிட்டிருந்தார்கள். மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்காக மாதக்கணக்கில் சொற்பட்டியலை உருப்போட்டிருந்தேன். பேப்பரில் பார்த்தாலே பொருள் சொல்லிவிடும் அளவுக்குக் கடினமான சொற்கள் நிறையத் தெரியும். அந்த மேசையில் அவற்றில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

பேராசிரியரின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மசித்த உருளைக்கிழங்கின் மேல் கிரேவியை ஊற்றத் தொடங்கியபடியே “சே வென்” என்றார். பாதியில் நின்றுபோன கேள்வி போல இருந்தது எனக்கு. எதைப் பற்றி ‘எப்போது’ என்று சொல்வது? நான் யோசிக்க யோசிக்க அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். கிரேவி தட்டின் விளிம்பைத் தொட்டதும் “ஸ்டாப், ஸ்டாப்!” என்று பதறிவிட்டேன். பாவம், அவர் திடுக்கிட்டுப் போனார். ‘போதும் என்று தோன்றும்போது சொல்’ என்பதுதான் அதன் பொருள். பதிலுக்கு “வென்” என்றே சொல்லலாம், “தட்ஸ் குட், தேங்க் யூ” என்றும் சொல்லலாம். அதைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். பட்டியலில் படித்திருந்தால் மறுவாரமே மறந்திருப்பேன். ஊற்றிக்கொண்டிருந்த அந்தக் கையோடு சேர்ந்து வந்ததால் இன்றுவரை மறக்கவில்லை.

ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு அதனால்தான் இதைச் சொல்கிறேன்: சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள், ஒரு மேசையைப் படியுங்கள். அதற்குத் தேங்க்ஸ்கிவிங் ரொம்பப் பொருத்தம். 1863இல் அதிபர் லிங்கன் தேசிய நாளாக அறிவித்து, 1941இல் நவம்பரின் நான்காவது வியாழன் என்று சட்டமானது. தேதி வருடத்துக்கு வருடம் மாறினாலும் மேசை அவ்வளவாக மாறாது. வான்கோழி, அதற்குள் அடைக்கும் ஸ்டஃபிங், கிரான்பெர்ரி சாஸ், பூசணிக்காய் பை எனும் இனிப்புப் பண்டம் என்று பெரும்பாலான வீடுகளில் அதே பதார்த்தங்கள், அதே பேச்சு. திரும்பத் திரும்பக் காதில் விழும் சொல் தானாகவே நாக்குக்கு வந்துவிடும்.

சாப்பிடும் முன் சில வீடுகளில் ‘சே கிரேஸ்’ என்பார்கள், அதாவது சிறு பிரார்த்தனை. கிரேஸ் மார்க் வாங்கிப் பாஸானவர்களைப் பற்றி நாம் எல்லோரும் கேட்டிருப்போம். இரண்டும் ஒரே சொல்தான்; மேசையில் அது ‘நன்றி’, மார்க்கில் அது ‘சலுகை’. தெரிந்த சொல்லின் தெரியாத முகம் இது. புதுச் சொல்லைவிட இதுதான் ஆளைத் தடுமாற வைக்கும். ‘செகண்ட்ஸ்’ என்றால் மேசையில் நொடி அல்ல, இரண்டாம் முறை போட்டுக்கொள்வது. ‘ஹெல்ப் யுவர்செல்ஃப்’ என்றால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ‘டிக் இன்’ என்றால் சாப்பிட ஆரம்பியுங்கள்.

அப்புறம் ‘பாஸ்’. எட்டாத பாத்திரத்தை அடுத்தவர் தட்டுக்கு மேலாகக் கையை நீட்டி எடுப்பது அங்கே மரியாதைக் குறைவு. “குட் யூ பாஸ் த சால்ட், ப்ளீஸ்?” என்று கேட்க வேண்டும். “கிவ் மீ சால்ட்” இலக்கணப்படி சரிதான், ஆனால் காதுக்கு அதட்டல். யாராவது உப்பு கேட்டால் மிளகுத்தூளையும் சேர்த்தே நகர்த்துவார்கள், அதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் பாத்திரங்கள் வழக்கமாக வலப்பக்கமாகப் போகும்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது ‘வேண்டாம்’ என்று சொல்லும் இடத்தில். தமிழில் ‘வேண்டாங்க’ என்பதிலேயே பணிவு இருக்கிறது. அதை அப்படியே “ஐ டோன்ட் வான்ட்” என்று மாற்றினால் முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடும். “நோ, தேங்க் யூ” போதும். நிஜமாகவே வயிறு நிறைந்திருந்தால் “இட் வாஸ் டெலிஷியஸ், பட் ஐம் ஃபுல்” என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நெருங்கியவர்களிடம் “ஐம் ஸ்டஃப்ட்” என்றும் சொல்லலாம். வான்கோழிக்குள் அடைத்த ஸ்டஃபிங்கும் இதுவும் ஒரே வேர். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கூடவே வரும்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு முக்கியமான ஒன்று. “ஐ ஏட் எ டர்க்கி” என்று எழுதினால் முழு வான்கோழியையும் நீங்களே தின்றதாக அர்த்தம். இறைச்சியாகப் பேசும்போது ‘எ’ போய்விடும், “ஐ ஏட் சம் டர்க்கி” என்று வரும். சிக்கனுக்கும் இதே கதைதான். பை என்றால் ‘எ ஸ்லைஸ் ஆஃப் பை’. ஆர்ட்டிகிள் பாடத்தை எத்தனையோ முறை படித்தும் பிடிபடாத எனக்கு, வான்கோழியைத் துண்டு போடுவதைப் பார்த்த அன்றைக்குத்தான் அது புரிந்தது. முழுசாக இருந்தபோது ‘எ டர்க்கி’, தட்டுக்கு வந்ததும் ‘சம் டர்க்கி’.

இதை வீட்டிலேயே பழகலாம். ஒரு தட்டை வையுங்கள். இடப்பக்கம் ஃபோர்க், வலப்பக்கம் நைஃப், அதற்கு வெளியே ஸ்பூன். ஃபோர்க், லெஃப்ட் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 4 எழுத்து. நைஃப், ஸ்பூன், ரைட் மூன்றுக்கும் 5 எழுத்து. இடமும் ஸ்பெல்லிங்கும் ஒன்றாக மனதில் நிற்கும். நாப்கினை மடியில் விரித்துக்கொண்டு, தினமும் சாப்பிடும்போது ஐந்து வாக்கியம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பது இரண்டு, மறுப்பது இரண்டு, சமைத்தவரைப் பாராட்டுவது ஒன்று. மனசுக்குள் சொன்னால் போதாது. சத்தமாகச் சொன்னவைதான் அடுத்தடுத்த விருந்துகளில் எனக்கு வந்தன.

யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் “வாட் கேன் ஐ பிரிங்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் “ஜஸ்ட் யுவர்செல்ஃப்”, அதாவது நீங்கள் வந்தால் போதும் என்று பதில் வரும். அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு போய்விட வேண்டாம். ஒரு பூங்கொத்தோ இனிப்போ கையில் இருக்கட்டும். கொடுக்கும்போது “திஸ் இஸ் ஃபார் யூ, தேங்க் யூ ஃபார் ஹேவிங் மீ” என்று சொல்லுங்கள். ‘ஹேவ்’ என்ற சொல் விருந்தினராக அழைப்பது என்ற பொருளில் இப்படியும் வரும் என்று எனக்குத் தெரிந்ததே அந்த வீட்டு வாசலில்தான்.