மூன்றாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் நர்ஸம்மா. கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, எடை பார்ப்பது, சத்து மாத்திரை கொடுப்பது என்று நாள் ஓடும். இந்த வேலையில் என்னை விடாமல் உறுத்துவது ஒன்றுதான்: ஒரு பெண் என்னிடம் வந்து சேர்வதற்குள் பிள்ளையின் உடம்பில் பெரிய காரியங்கள் பல முடிந்துபோயிருக்கின்றன.

"ஏம்மா, நாள் தள்ளிப்போனதுமே சொல்லக் கூடாதா?" என்று கேட்டால் மாமியார்தான் பதில் சொல்வார். "மூணு மாசம் போகட்டும்னு இருந்தோம் நர்ஸம்மா, கண்ணு பட்டுடும்ல." அந்த பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கரு தங்காமல் போன வீடுகளில் பிறந்த பயம் அது. ஆனால் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிட வேண்டும். அப்போது நாள் தள்ளியே இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். அது சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகில் கட்டியோடு பிறக்கலாம், கால் செயல்படாமல் போகலாம். இதைப் பெருமளவு தடுக்கக்கூடியது ஃபோலிக் அமிலம். தினம் 400 மைக்ரோகிராம், கரு உண்டாவதற்கு ஒரு மாதமாவது முன்னாலிருந்து. ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பிறந்த தாய்மாருக்கு 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. மறுபடி அப்படிப் பிறப்பது 72 சதவீதம் குறைந்தது.

பள்ளிக்கூடத்தில் படிக்கிறவரை வாரம் ஒரு நீல மாத்திரை கிடைக்கிறது. பதிவு செய்த பிறகு தினமும் சிவப்பு மாத்திரை. நடுவில், கல்யாணத்திலிருந்து அந்த முதல் மாதம் வரைக்கும், என் ஊர்ப் பெண்கள் வயிற்றில் எந்த மாத்திரையும் இல்லை. மிகவும் தேவைப்படுவது அப்போதுதான்.

சாப்பாடும் அப்படித்தான். எங்கள் கடைமடையில் நடவும் களையெடுப்பும் முடிந்தால் தை அறுவடை வரை கூலி வேலை அருகிப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் ரேஷன் அரிசியும் ரசமும்தான் என்ற வீடுகளை எனக்குத் தெரியும். ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டுக் கிராமங்களிலும் மழைக்காலம் என்றால் வயலில் கடும் உழைப்பு, வீட்டில் தானியம் குறைவு. அங்கே எந்தப் பருவத்தில் கரு உண்டானது என்று குறித்துவைத்து, தாயின் ரத்தத்தையும் பிறகு குழந்தையின் ரத்தத்தையும் சோதித்தார்கள். 2014இல் முடிவு வந்தது. மழைக்காலத்தில் கருவான பிள்ளைகளுக்கும் வறண்ட காலத்தில் கருவான பிள்ளைகளுக்கும் சில மரபணுக்களின் மேல் ஒட்டியிருந்து, அவை எவ்வளவு வேலை செய்யும் என்பதைக் கூட்டிக் குறைக்கிற மெத்தில் குறிகள் வேறுபட்டிருந்தன. மரபணு மாறவில்லை. வாய்க்காலில் தண்ணீர் அதேதான், எந்த மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அந்தப் பிள்ளைகள் நோயாளிகள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலத்தில் கொடும் பஞ்சம் வந்தது. அப்போது கருவானவர்களை அறுபது வருடம் கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சி சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவில் அந்தக் குறிகள் அவர்களுடைய உடன்பிறந்தவர்களைவிடக் குறைவாக இருந்தன. அதே பஞ்சத்தில் நிறைமாதமாக வயிற்றில் இருந்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்புக்கு ஐந்து வகை, ஏழு வகைச் சோறு கட்டிக் கொடுக்கிறோம். நல்லதுதான். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக, மிஞ்சியதைச் சாப்பிடுகிறாளே, அதை யார் பார்க்கிறோம்?

ஆண்களுக்கும் இதில் பங்கு உண்டு. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். பொங்கலுக்கு ஊருக்கு வந்து, பிள்ளை வேண்டும் என்று நினைக்கிறவர், ஐப்பசியிலேயே சிகரெட்டை விட்டிருக்க வேண்டும். வாயில் துணிகூடக் கட்டாமல் வயலுக்கு மருந்தடிக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வயதும் சேர்த்தி. தகப்பன் வயது ஒவ்வொரு வருடம் கூடும்போதும் பிள்ளைக்குப் போகிற புதிய மரபணு மாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு கூடுகின்றன என்று 2012இல் ஐஸ்லாந்து ஆய்வு காட்டியது. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. ஆனாலும் குறை என்றால் பெண்ணை மட்டும் கேட்கிற வழக்கத்துக்கு இது நேரடியான பதில்.

சொந்தத்தில் கல்யாணம் பற்றியும் ஒரு வார்த்தை. தாய்மாமனும் அக்காள் மகளும் மரபணுவில் கால் பங்கைப் பகிர்கிறார்கள், அத்தை மாமன் பிள்ளைகள் எட்டில் ஒரு பங்கை. இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் அது பிள்ளையிடம் வெளிப்பட நான்கில் ஒரு வாய்ப்பு. நிச்சயம் முடிந்துவிட்டது என்றால் சண்டை போடாமல் மரபணு ஆலோசனைக்கு அனுப்புகிறேன்.

பிள்ளை வரம் கேட்டு இங்கிருந்து பலரும் திருக்கருகாவூர் போகிறார்கள். கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் கொடுக்கிற நெய்யைக் கணவனும் மனைவியும் ஒரு மண்டலம் சாப்பிடுவார்கள். கரு உண்டாவதற்கு முன்பே தயாராகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது, பாருங்கள். நெய் வாங்கி வருகிற அன்றே என்னிடம் வந்து ஃபோலிக் மாத்திரையையும் வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். அப்புறம், சர்க்கரையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். முதல் பதிவில் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆனால் கூடுதல் சர்க்கரை பாதிக்கக்கூடிய பிள்ளையின் இதயம் எட்டாவது வாரத்துக்குள்ளேயே வடிவம் எடுத்துவிடுகிறது.

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற பெண்களைப் பெற்றவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மறைக்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் அது வால்ப்ரோயேட் என்றால் கருவைப் பாதிக்கும். தானாக நிறுத்தவும் கூடாது, வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தேதி குறித்ததுமே நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரையை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கூட வர ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன்.