படுக்கும் முன் பாதத்துக்கு எண்ணெய்

மன அமைதிக்கு ஆயுர்வேதம் என்றதும் பலரும் கேட்பது சிரோதாரை, அதாவது நெற்றியில் எண்ணெயைத் தாரையாக விடுவது. அது வைத்தியர் உடல்வாகும் செரிமானமும் பார்த்துச் செய்ய வேண்டிய சிகிச்சை. வீட்டில் தினமும் செய்யக்கூடியதை அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூல் தினசரிப் பழக்கங்களிலேயே வைத்திருக்கிறது: நித்தம் எண்ணெய் தேய்க்கணும், அதிலும் தலை, காது, பாதம் மூன்றையும் விடக்கூடாது. அலைபாயும் மனசையும் கெட்ட தூக்கத்தையும் ஆயுர்வேதம், வாத பித்த கபம் என்ற மூன்று தோஷங்களில் வாதத்தோடு சேர்த்துப் பார்க்கும். வாதம் வறட்சி, குளிர்ச்சி, ஓட்டம். எண்ணெய் அதற்கு நேர் எதிர்.

மூன்றையும் தினம் செய்ய முடியாதவர்கள் பாதத்தையாவது பிடித்துக்கொள்ளுங்கள். பாதிப் பலன் அதிலேயே கிடைக்கும் என்பது என் எண்ணம்.

மரச்செக்கு நல்லெண்ணெய் போதும். எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள், அதனால் கசடு இருக்கும். தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். நல்லெண்ணெய் குளிர்ச்சி என்பது நம்ம பக்கத்துப் பேச்சு. ஆயுர்வேத நூல்களில் எள்ளெண்ணெய் உஷ்ணம். மதுரையில் சித்திரை, வைகாசி வெயிலில் உள்ளங்கால் எரிகிறவர்கள் அந்த மாதங்களில் தேங்காய் எண்ணெய்க்கு மாறுவது நல்லது.

இரண்டு காலுக்கும் சேர்த்து இரண்டு டீஸ்பூன். அடுப்பில் நேராக வைக்காதீர்கள், நொடியில் சூடேறிவிடும். சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி, அதை வெந்நீரில் இரண்டு மூன்று நிமிஷம் வையுங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் இதமாக இருக்கணும், சுடக்கூடாது. கால் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைத்துவிட்டு உட்காருங்கள். முதலில் கணுக்கால் மொழியைச் சுற்றி வட்டமாக. பிறகு குதிகால், வெடிப்பு உள்ளவர்களுக்கு எண்ணெய் அதிகம் குடிக்கும் இடம் அதுதான். அப்புறம் கட்டைவிரலால் குதிகாலிலிருந்து விரல் நோக்கி, உள்ளங்காலின் பள்ளத்தில் நிதானமாக அழுத்தி இழுங்கள். ஒரு காலுக்கு ஐந்து நிமிஷம். அவசரமாகப் பூசித் துடைப்பதில் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் போன் கையில் இருந்தால் செய்யாததற்குச் சமம்.

முடிந்ததும் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். டைல்ஸ் தரையில் எண்ணெய்க் காலோடு எழுந்து நடந்து வழுக்கி விழுகிறவர்கள் உண்டு, முக்கியமாக வயசானவர்கள்.

பலன் தெரியவில்லை என்பவர்கள் முதலில் ராச்சாப்பாட்டைப் பாருங்கள். பத்தரை மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு உடனே எண்ணெய் தேய்த்தால் வயிறு மந்தமாகத்தான் இருக்கும். அஜீரணம் இருக்கும்போதும் கபம் கட்டியிருக்கும்போதும் எண்ணெய் ஆகாது என்று அஷ்டாங்க ஹிருதயமே சொல்கிறது. காய்ச்சலிலும் வேண்டாம். ஏழரைக்கு இட்லியோ இடியாப்பமோ, ஒன்பதரைக்கு எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சளி அடிக்கடி பிடிக்கிறவர்கள் ராத்திரி தலைக்கு வைக்க வேண்டாம். காதுக்குள் நீங்களாக ஊற்றாதீர்கள். மடலிலும் காதுக்குப் பின்னாலும் தடவினால் போதும்.

சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் மரத்திருக்கலாம், சூடு தெரியாது. எண்ணெயை வேறொருவர் தொட்டுப் பார்க்கணும். விரலிடுக்கில் எண்ணெய் தங்கவிடாதீர்கள், புண் இருந்தால் தொடவே வேண்டாம். தூக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்கணும்.