மாமா தோட்டத்துக் காற்றுக் கணக்கு

ஜூன் 14

சுந்தரபாண்டியபுரத்தில் மாமாவின் தோட்டத்துக்கு 3 மீட்டர் விட்டமுள்ள சின்னக் காற்றாலை ஒன்று பார்த்திருக்கிறார்கள். விலைத்தாளில் “1 கிலோவாட்” என்று கொட்டை எழுத்து. நொடிக்கு 11 மீட்டர் காற்றில்தான் அது வரும் என்பது அடியில் பொடி எழுத்து. மாமாவுக்கு அதெல்லாம் வேண்டாம். “ஒரு நாளைக்கு எத்தனை யூனிட்டுன்னு மட்டும் சொல்லுடே.” நியாயமான கேள்விதான். செங்கோட்டைக் கணவாய் வழியே மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, இறங்குகிற ஊர், சுற்றிலும் பெரிய காற்றாலைகள். ஆனால் அவை 50 மீட்டருக்கு மேலே பிடிக்கிற காற்று வேறு. நம் கோபுரம் 18 மீட்டர்.

ஜூன் 27

10 மீட்டர் கம்பத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் அனிமாமீட்டர் ஏறிவிட்டது. நிமிடத்துக்கு ஒரு சராசரி பதிகிறேன். பெரிய காற்றாலைக்குப் பத்து நிமிடச் சராசரி போதும். சின்னது காற்று மாறினால் சட்டென்று தானும் மாறும். மின்கருவிகளுக்கு உலகத் தரம் வகுக்கும் ஐஇசி அமைப்பின் விதியே இதற்கு ஒரு நிமிடம் என்கிறது.

ஜூலை 12

மச்சான் வானிலைத் தளத்திலிருந்து ஆண்டுச் சராசரி வேகத்தை எடுத்துக்கொண்டு வந்தான். அது ஒன்றை வைத்து யூனிட் சொல்ல முடியாது. காற்றின் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கம். நாள் முழுக்க நொடிக்கு 5 மீட்டர் சீராக வீசினால் 5 × 5 × 5, அதாவது 125. பாதி நாள் 2, பாதி நாள் 8 என்றால் சராசரி அதே 5, ஆனால் கணக்கு 260. 2 மீட்டரில் இறக்கை சும்மா நிற்கும், அதைக் கழித்தாலும் 256! எந்த வேகம் எவ்வளவு நேரம் வீசும் என்பதற்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ரேலி பரவல் என்ற கணித வாய்பாட்டில் இந்த வித்தியாசம் 1.91 மடங்கு. சராசரியை விட, எந்த வேகம் எத்தனை நிமிடம் வீசியது என்பதுதான் எனக்கு வேண்டும்.

ஜூலை 24

ஆடிக்காற்றில் முருங்கை இரண்டாக முறிந்து கிடக்கிறது.

வயர் மிச்சம் என்று மோட்டார் ரூம் பக்கத்திலேயே நடச் சொல்கிறார் மாமா. மேற்கே தென்னை வரிசை. திறந்தவெளியில் 10 மீட்டரிலிருந்து 18-க்குப் போனால் வேகம் 9 சதவீதம் போலக் கூடும். மின்சாரம் கால் பங்குக்கு மேல் கூடும். தென்னைக்குப் பின்னால் அந்தக் கணக்கு செல்லாது, அங்கே காற்று சுழன்று நொறுங்கித்தான் வரும். 150 மீட்டர் தூரத்துக்குள் உள்ள எதையும் விட இறக்கையின் கீழ்முனை 9 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. சூரியகாந்தி போடுகிற வயல்தான் சரி. வயர் செலவு போனால் போகட்டும்.

ஆகஸ்ட் 5

இறக்கை சுற்றும் பரப்பு 7 சதுர மீட்டர். நம் வெயிலுக்குக் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.15 கிலோ, புத்தகத்து 1.225 இல்லை. காற்றின் திறனில் எவ்வளவு பிடிக்கலாம் என்று ஜெர்மன் இயற்பியலாளர் பெட்ஸ் 1919-இல் சொன்ன உச்ச வரம்பு 59.3 சதவீதம், இந்த அளவு இயந்திரத்தில், எல்லா இழப்பும் போக, 22 சதவீதம் கிடைத்தாலே நல்லது. பலத்த காற்றில் வால் மடங்கி இறக்கை ஒதுங்கிக்கொள்ளும், அதையும் கழிக்க வேண்டும். ஆண்டுச் சராசரி 5 மீட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு நாலரை யூனிட் வரும்.

“ஒரு கிலோவாட்டுன்னா இருபத்துநாலு யூனிட் இல்லையாடே?” என்றார் மாமா. இல்லை. அந்த நாலரையும் ஆண்டு முழுக்கச் சமமாக வராது, ஐப்பசியில் மேகாத்து படுத்துவிடும். சோலார் பேனலும் சேர்த்தால்தான் ஆகும்.

முன்பணம் கொடுக்கவில்லை. கம்பத்தைத் தை வரை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.